கொலம்பியாவில் அண்ணல் கற்ற சமுதாய நூல்



உலகில் கற்றவர் பலர். கற்ற கல்வியைத் தம் மக்களின் கட்டறுக்கும் கருவியாக்கிக் கொண்டவர் மிகச் சிலர். அச்சிலருள் தலையாயவர் நம் வழிகாட்டி டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் ஆவார். அவர் சட்டமேதை என்பதை நாடறியும். பொருளாதார நிபுணர் என்பதைக் கற்றோர் அறிவர். ஆயினும், இளமையில் அவர் மானிடவியலும் சமூகவியலும் முறையாகப் பயின்றவர் என்பதும், அப்பயிற்சியே பின்னர் அவருடைய பெரும்பணிகளுக்கு அடிப்படையாய் அமைந்தது என்பதும் நம்மவருள் பலர் அறியாதன. அவ்வரலாற்றைச் சுருங்கச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுகிறோம். சில திங்களுக்கு முன் ஒரு பௌர்ணமி நாளில் யாம் நம் சங்கத்தில் தம்ம உரை நிகழ்த்தினோம். சாதியை உதறிவிட்டுப் புத்தரின் நிழலில் புகுந்த நம் பெருமையை நெடுநேரம் விரித்துப் பேசினோம். கூட்டம் கலைந்த பின், கல்லூரியில் சமூகவியலும் மானிடவியலும் எடுத்து பி. ஏ. பயிலும் நம் சங்கத்து மகள் ஒருத்தி எம்மை அணுகினாள். அகமணமே சாதியின் உயிர்நாடி என்று பாபாசாகேப் எழுதியிருப்பதைத் தான் வகுப்பில் படித்ததாகக் கூறினாள். அவ்வாறாயின், நம் சங்கத்தின் வரன் பதிவேட்டில் பழைய உட்பிரிவைக் கேட்கும் ஒரு பத்தி இன்னும் இருப்பது ஏன் என்று பணிவுடன் வினவினாள். எமக்கு அன்று விடை எழவில்லை. பார்த்துச் சொல்கிறோம் அம்மா என்று கூறி வீடு திரும்பினோம்.

யாம் இளவயதிலேயே பஞ்சாலைக்குள் நுழைந்தவர். எழுத்தறிவு முழுவதும் அகராதியின் துணையால் வந்தது. ஆகவே அம்மகளையே அழைத்து, அவ்வாங்கிலக் கட்டுரையை நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வரிவரியாக வாசித்துப் பொருள் கேட்டோம். கற்பிக்க வேண்டியவர் கற்றுக்கொண்டோம். அக்கல்வியின் பயனே பின்வருவது.

இளமையும் முதற் கல்வியும்

அண்ணல் 1891 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள் மத்திய இந்தியாவில் உள்ள மௌ என்னும் படைநகரில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால், படையில் சுபேதாராகப் பணிபுரிந்தவர்; தாயார் பீமாபாய். பெற்றோருக்குப் பதினான்காவது குழந்தையாகப் பிறந்த அவர் ஐந்தாம் அகவையிலேயே தாயை இழந்தார். சதாராவில் பள்ளி சென்ற நாட்களில் வகுப்பின் ஒரு மூலையில் தனித்து ஒரு சாக்கின் மீது அமர்ந்து படித்தார். மாலையில் அச்சாக்கையும் வீட்டிற்கே எடுத்துச் செல்ல வேண்டும். தாகம் எடுத்தால் பள்ளிச் சேவகன் மேலிருந்து நீர் வார்க்க வேண்டும். சேவகன் இல்லாத நாளில் நீரும் இல்லை.

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த வரிசைக் குடியிருப்பு ஒன்றில் ஒரே அறையில் அவர்கள் வாழ்ந்தனர். சமையலும் உறக்கமும் படிப்பும் அவ்வறையிலேயே. மகன் மாலையில் உறங்கிவிடத் தந்தை விழித்திருப்பார். ஊர் அடங்கிய பின்னிரவில் மகனை எழுப்பிப் படிக்கவைத்துத் தாம் படுப்பார். ஆலைச் சங்கொலி கேட்டு வாழ்ந்தவர்களுக்கு அவ்வறையின் நெருக்கடியை விளக்க வேண்டுவதில்லை. அங்கிருந்தே அவர் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றார். ஒருநாள் ஆசிரியர் அவரைக் கரும்பலகையில் கணக்குப் போட அழைத்தபோது, பலகையின் பின்னே வைத்திருந்த தங்கள் சோற்றுப் பாத்திரங்களை மற்ற மாணாக்கர் அலறி ஓடி அகற்றினர். சமற்கிருதம் பயில விரும்பிய அவருக்கு அது மறுக்கப்படவே, பாரசீகம் பயின்றார்.

1907 இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடைபெற்ற பாராட்டுக் கூட்டத்தில், கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியப் பெருந்தகை தாம் மராத்தியில் எழுதிய புத்தர் சரித்திரத்தை அவருக்குப் பரிசாக ஈந்தார். அச்சிறு நூலே அவர் நெஞ்சில் விழுந்த போதி விதை. அக்கேளுஸ்கரே பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் அவரை அறிமுகம் செய்வித்தார். மன்னர் திங்கள்தோறும் 25 ரூபாய் உதவ, எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று பி. ஏ. பட்டம் பெற்றார்.

இவ்விடத்தில் ஒன்றைக் கருத வேண்டும். அண்ணல் பம்பாயில் பட்ட வகுப்புப் பயின்ற நாளில் அங்கே சமூகவியலுக்கென ஒரு துறையே இருக்கவில்லை. பம்பாய்ப் பல்கலைக் கழகத்தில் பாட்ரிக் கெடிஸ் என்பவர் தலைமையில் அத்துறை தோன்றியது 1919 இல்தான். சாதியால் ஒவ்வொரு நாளும் புண்பட்டுக்கொண்டிருந்த ஓர் இளைஞனுக்கு, அப்புண்ணின் காரணத்தை ஆராயும் அறிவு சொந்த ஊரில் கிடைக்கவில்லை. அதனைத் தேடி அவர் கடல் கடக்க வேண்டியிருந்தது. இன்று நம் பிள்ளைகள் பக்கத்து ஊர்க் கல்லூரியிலேயே அதனைப் பயில முடிகிறது. இதன் அருமையை நாம் உணர்ந்திருக்கிறோமா?

நியூயார்க் வாழ்க்கை

1913 பிப்ரவரியில் தந்தையார் மறைந்தார். அதே ஆண்டு ஜூன் திங்களில், மூன்றாண்டு அமெரிக்காவில் பயின்று திரும்பியபின் பத்தாண்டு பரோடா அரசில் பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஜூலையில் நியூயார்க் நகர் சேர்ந்தார். கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் மேற்பட்ட மாணாக்கராகச் சேர்ந்தார். அங்கே அவரோடு தங்கியவர் நவல் பத்தேனா என்னும் பார்சி இளைஞர். அந்நட்பு வாழ்நாள் முழுதும் நிலைத்தது.

அந்நகரில் எவரும் அவரைச் சாதி கேட்கவில்லை. ஒரே மேசையில் உண்டார். ஒரே நூலகத்தில் படித்தார். நீர் வேண்டுமிடத்துத் தாமே எடுத்துக் குடித்தார். இருபத்திரண்டு ஆண்டு காணாத சமத்துவத்தை ஒரே நாளில் கண்டவர் களியாட்டத்தில் காலம் கழித்திருந்தால் உலகம் அவரைக் குறை கூறியிராது. அவரோ நூலகத்தைத் தம் இல்லமாக்கிக் கொண்டார். நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் படித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். உதவித்தொகையில் ஒரு பகுதியை வீட்டிற்கு அனுப்பிவிட்டு, எஞ்சியதில் வயிற்றைச் சுருக்கிப் பழைய புத்தகங்களை வாங்கிக் குவித்தார்.

அங்கிருந்து தந்தையாரின் நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய மடலில், ஆண்மக்களோடு பெண்மக்களையும் சேர்த்துப் படிக்க வைத்தால் நம் முன்னேற்றம் விரைவுபடும் என்று வலியுறுத்தினார். பெண்ணுக்கு ஏன் இந்தப் படிப்பு என்று இன்றும் கேட்கும் தந்தையர் இதனை நினைவிற் கொள்க.

கொலம்பியாவில் மூன்றாண்டுகளில் அவர் எடுத்த பாடங்கள் மொத்தம் 60. பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. பட்டத்திற்குரிய முதன்மைப் பாடம் பொருளாதாரமே. ஆயினும், சமூகவியலும் மானிடவியலும் சேர்ந்து பத்துப் பாடங்கள் அவர் விரும்பி எடுத்தவை. வயிற்றுக்குப் பொருள்நூல் கற்றார். தம் மக்களின் இழிவுக்குக் காரணம் அறியச் சமுதாய நூல் கற்றார் எனின் மிகையாகாது. 1915 இல் எம். ஏ. பட்டம் பெற்றார்.

ஆசிரியப் பெருமக்கள்

அந்நாளில் கொலம்பியா அறிவுலகின் பெருஞ்சந்தை. பொருளாதாரத்தில் செலிக்மன், தத்துவத்தில் ஜான் டூயி, வரலாற்றில் ராபின்சன், ஷாட்வெல் ஆகியோர் விளங்கினர். சமூகவியலில் கிடிங்ஸ் என்பார் முதல்வர். ஒத்த இனம் என்னும் உணர்வே மக்களைக் கூட்டமாகச் சேர்க்கிறது என்பது அவர் கொள்கை.

மானிடவியல் துறைக்குத் தலைவராய் இருந்தவர் பிரான்ஸ் போவாஸ். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மண்டை ஓட்டை அளந்து, மூக்கை அளந்து, இன்ன இனம் உயர்ந்தது, இன்ன இனம் தாழ்ந்தது என்று வெள்ளையர் பலர் நூலெழுதிய காலம் அது. போவாஸ் அமெரிக்காவிற் குடியேறியோரும் அவர்தம் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 18,000 பேரை அளந்து பார்த்தார். நிலையானது என்று கருதப்பட்ட மண்டை வடிவம் ஒரே தலைமுறையில், புதிய நாட்டின் வாழ்க்கை முறையால் மாறக் கண்டார். மனிதனின் உயர்வு தாழ்வைப் பிறப்பில் தேடுவது வீண் என்பதற்கு அது ஒரு சான்றாயிற்று.

போவாஸின் மாணாக்கர் அலெக்சாந்தர் கோல்டன்வைசர். ருஷியப் பேரரசின் கீவ் நகரில் 1880 இல் பிறந்தவர். குலக்குறி வழிபாடு பற்றி அவர் ஆராய்ந்து 1910 இல் வெளியிட்ட நூல் பெயர் பெற்றது. உலகின் பல குடிகளிடையே குலக்குறி என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்டதைப் பிரித்துப் பிரித்து நோக்கி, எது உடன்பிறந்த இயல்பு, எது தற்செயலாய் வந்து ஒட்டிக்கொண்டது என்று வேறுபடுத்திக் காட்டினார். இவ்வாசிரியரின் ஆய்வு வகுப்பில்தான் நம் அண்ணல் அமர்ந்தார். ஆசிரியர் குலக்குறியைப் பிரித்துப் பார்த்தார். மாணாக்கர் சாதியைப் பிரித்துப் பார்க்கத் துணிந்தார்.

உபாசகரே, இவ்வாராய்ச்சி முறை நமக்கு அயலானதன்று. வாசெட்டன், பாரத்துவாசன் என்னும் இரு பிராமண இளைஞர் பிறப்பால் பிராமணனா, செயலால் பிராமணனா என்று வழக்காடிப் பகவானிடம் வந்தபோது, புல்லிலும் மரத்திலும் பூச்சியிலும் பறவையிலும் விலங்கிலும் பிறவிக் குறிகள் வேறுவேறாய் உள்ளன, மனிதரிடையே அத்தகைய குறி எதுவும் இல்லை என்று அவர் உறுப்பு உறுப்பாக எடுத்துக் காட்டினார். அஸ்ஸலாயனன் என்பவனிடமோ, யோனர் நாட்டிலும் காம்போச நாட்டிலும் நான்கு வருணம் இல்லை, ஆண்டான் அடிமை என்னும் இரண்டே உண்டு, அவையும் மாறக்கூடியவை என்று சுட்டினார். ஒரு நாட்டு வழக்கத்தை மற்றொரு நாட்டு வழக்கத்தோடு ஒப்பிட்டு, தன் வழக்கமே தெய்வ விதி என்னும் மயக்கத்தைத் தெளிவிப்பதே மானிடவியலின் வேலை. அதனைக் கங்கைக் கரையில் பகவான் என்றோ செய்துவிட்டார்.

மே 9 ஆம் நாள்

1916 ஆம் ஆண்டு மே 9 ஆம் நாள், கோல்டன்வைசரின் ஆய்வு வகுப்பில் அண்ணல் தம் கட்டுரையைப் படித்தார். அதன் பெயர் இந்தியாவில் சாதிகள்: அவற்றின் இயங்குமுறை, தோற்றம், வளர்ச்சி என்பதாம். அப்போது அவருக்கு வயது 25. மறு ஆண்டு மே திங்களில் அது இந்தியன் ஆண்டிகுவரி என்னும் ஆய்விதழில் வெளிவந்தது.

அவருக்கு முன்னர்ச் சாதியைப் பற்றி எழுதியோர் குறைந்தவரல்லர். பிரெஞ்சு அறிஞர் செனார், ஆங்கிலேயருள் நெஸ்பீல்டு, ரிஸ்லி, நம் நாட்டவருள் கேட்கர் ஆகியோர் இலக்கணம் வகுத்திருந்தனர். அண்ணல் ஒவ்வொன்றாய் எடுத்து உரைத்துப் பார்த்தார். தீட்டே சாதியின் அடையாளம் என்றாருக்கு, தீட்டு என்பது குருக்கள் முறையோடு பிறந்தது, சாதிக்குக் குருக்கள் தலைமை தாங்கியதால் வந்து ஒட்டியது என்றார். பிற சாதியாரோடு உண்ணாமையே சாதி என்றாருக்கு, அது விளைவேயன்றிக் காரணம் அன்று என்றார். பிறப்பும் மணத்தடையும் ஆகிய இரண்டும் இலக்கணம் என்ற கேட்கருக்கு, அவை ஒரே நாணயத்தின் இருபுறங்கள். மணத்தை அடைத்துவிட்டால் பிறப்பால் அன்றி வேறு வழியில் உள்ளே நுழைய முடியாது என்று காட்டினார். இவ்வாறு உமியை நீக்க நீக்க எஞ்சிய மணி ஒன்றே. தன் கூட்டத்துக்குள்ளேயே பெண் கொண்டு பெண் கொடுக்கும் அகமணமே சாதி.

இவ்வளவோடு நில்லாமல், அப்பொறி எவ்வாறு ஓடுகிறது என்பதையும் கழற்றிக் காட்டினார். ஆலையில் பணிபுரிந்த எமக்கு இப்பகுதியே நெஞ்சில் பதிந்தது. பொறியின் இரைச்சலை மட்டும் அறிந்தவன் அதனைக் கண்டு அஞ்சுவான். எந்தப் பட்டை எந்தச் சக்கரத்தை இழுக்கிறது என்று அறிந்தவனே அதனை நிறுத்துவான்.

அண்ணல் கூறியதன் சாரம் இது. ஒரு கூட்டம் வெளியே மணம் செய்வதில்லை என்று கதவடைத்துக் கொண்டால், உள்ளே ஆணும் பெண்ணும் தொகையில் ஒத்திருக்க வேண்டும். கணவன் முன் இறந்தால் ஒரு பெண் மிகுகிறாள். மனைவி முன் இறந்தால் ஓர் ஆண் மிகுகிறான். மிகுந்த பெண்ணைச் சும்மா விட்டால் அவள் கூட்டத்திற்கு வெளியே மணம் புரியலாம்; உள்ளேயே மறுமணம் செய்தால் கன்னியர்க்குரிய மணமகனைக் கவர்ந்து கொள்ளலாம். எனவே அவளைக் கணவனின் சிதையிலேயே எரிக்கும் வழக்கம் உண்டாயிற்று. எரிக்க இயலாதபோது வாழ்நாள் முழுதும் கைம்மையில் அடைக்கும் வழக்கம் உண்டாயிற்று. மிகுந்த ஆணையோ எரிக்க மனமில்லை. துறவும் எல்லார்க்கும் ஒத்துவராது. ஆகவே மணப்பருவம் எய்தாத சிறுமியை அவனுக்குக் கட்டிவைக்கும் வழக்கம் உண்டாயிற்று. உடன்கட்டை, கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றையும் நாட்டார் புனிதம் என்று பாடினர். சீர்திருத்தக்காரர் கொடுமை என்று வருந்தினர். அவை சாதியென்னும் பொறியின் பற்சக்கரங்கள் என்று காரணம் கண்டவர் அவ்விருபத்தைந்து வயது இளைஞர். பெண்ணின் உடலைப் பூட்டியே சாதியின் கதவு பூட்டப்பட்டது என்னும் உண்மை அன்று வெளிப்பட்டது.

பின்னர்த் தோற்றத்தை ஆராய்ந்தார். மனு என்னும் ஒருவன் சாதியைப் படைத்துத் திணித்தான் என்பதை அவர் ஏற்கவில்லை. மனுவுக்கு முன்பே இருந்த சாதியை அவன் விதியாக எழுதி நிலைநாட்டினான், அவ்வளவே. முதலில் கதவடைத்துக் கொண்டோர் புரோகித வகுப்பார். உயர்ந்தோர் செய்வதைப் பிறர் பின்பற்றுவர் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் தார்து விளக்கியிருந்தார். அந்நூலின் ஆங்கிலப் பதிப்புக்குக் கிடிங்ஸே முன்னுரை வழங்கியவர். அவ்விதியைக் கொண்டு, புரோகிதரைப் பார்த்துப் பிற வகுப்பார் ஒவ்வொருவராய்த் தாமும் கதவடைத்தனர் என்றும், சிலர் அடைக்க விரும்பாமலே பிறர் அடைத்த கதவுகளால் வெளியே நிறுத்தப்பட்டனர் என்றும் விளக்கினார். சாதி தனித்து ஒன்றாய் இருக்க இயலாது. பலவாகவே இருக்க இயலும். சாதிக்கு நிறமோ இரத்தமோ அடிப்படை என்று ஐரோப்பியர் கூறியதையும் மறுத்தார்.

தாம் நாள்தோறும் பட்ட அவமானத்தில் ஒன்றையேனும் அவர் அக்கட்டுரையில் எழுதவில்லை. சாக்கையும் சொல்லவில்லை, நீரையும் சொல்லவில்லை. நோயுற்றவனே மருத்துவனாகி, தன் வலியை மறந்து நோயின் வேரை ஆராய்ந்த அருஞ்செயல் அது.

கற்றது போதாது என்று காட்டிய பரோடா

1916 இல் அவர் லண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடியவே 1917 இல் திரும்பினார். அவர் பெட்டிகளையும் புத்தகங்களையும் ஏற்றிவந்த கப்பல் போரில் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. ஒப்பந்தப்படி பரோடாவில் பணியேற்கச் சென்றார். கொலம்பியாவின் பட்டதாரிக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. அலுவலகத்தில் சேவகரும் அவரைத் தொட அஞ்சிக் கோப்புகளைத் தூர நின்று எறிந்தனர்.

பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயருடன் தங்கினார். பதினோராம் நாள் காலை, தடியேந்திய பார்சியர் கூட்டம் வந்து வெளியேறும்படி அச்சுறுத்தியது. நகரில் இருந்த இந்து நண்பர் ஒருவரிடம் இடம் கேட்டார். அவர் வந்தால் தம் வேலைக்காரர் போய்விடுவர் என்றார் நண்பர். பிராமணக் குலத்திலிருந்து கிறிஸ்துவராகிய மற்றொரு நண்பரிடம் கேட்டார். அவர் தம் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். கணவர் புதுக் கருத்தினர் எனினும், மனைவியார் பழைய ஆசாரத்தை விடாதவர் என்பதை அண்ணல் அறிவார். காமாட்டி பாக் என்னும் பூங்காவில் பல மணி நேரம் அமர்ந்து கண்ணீர் விட்டு, இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார்.

இந்நிகழ்ச்சியில் நம்மைச் சுட வேண்டியது இந்து நண்பரின் மறுப்பன்று. அது எதிர்பார்த்ததே. மதம் மாறிய வீட்டின் கதவும் அடைபட்டதே, அதுவே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. கோயிலை மாற்றியவர் அடுக்களையை மாற்றவில்லை. பெயர்ப்பலகை மாறியது, உள்ளே பொறி பழையபடி ஓடிக்கொண்டிருந்தது.

கட்டுரையிலிருந்து தீட்சை வரை

அதன்பின் நிகழ்ந்தவற்றை நீவிர் நன்கறிவீர். சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியர் பணி, மீண்டும் லண்டன் படிப்பு, 1923 இல் டி. எஸ்ஸி. பட்டம், 1927 இல் மகாத் குளப் போராட்டம், அதே ஆண்டு கொலம்பியாவின் டாக்டர் பட்டம், அரசியலமைப்பு வரைவுக் குழுத் தலைமை ஆகியவற்றை விரிக்க வேண்டுவதில்லை. அவற்றினூடே அம்மானிட நூற்பயிற்சி இழையாக ஓடியதை மட்டும் சுட்டுவோம்.

1936 இல் வெளிவந்த சாதி ஒழிப்பு என்னும் உரையில், சமபந்தி உணவால் மட்டும் சாதி அழியாது, கலப்பு மணமே உண்மை மருந்து, அதற்குத் தடையாய் நிற்கும் சாஸ்திர நம்பிக்கையைத் தகர்க்க வேண்டும் என்று முடித்தார். இருபதாண்டுக்கு முன் கண்ட காரணத்திற்கேற்ற மருந்து அது. 1946 இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் டுபாய்ஸுக்கு மடல் எழுதி, அவர்கள் நிலையும் நம் நிலையும் ஒத்திருப்பதைக் குறிப்பிட்டார். 1948 இல் வெளியிட்ட தீண்டப்படாதார் என்னும் நூலில், உடலளவைக் கணக்குகளையே சான்றாகக் கொண்டு, பிராமணரும் தீண்டப்படாதாரும் வெவ்வேறு இனத்தார் என்னும் கொள்கையை மறுத்தார். நம் முன்னோர் பௌத்தராய் இருந்து அதனை விட மறுத்ததாலேயே ஒதுக்கப்பட்டனர் என்று கண்டார். இதே முடிவுக்குத் தென்னாட்டில் நம் பண்டிதர் அயோத்திதாசர் முன்னமே வந்திருந்தார். அண்ணல் நியூயார்க்கில் முதலாண்டு பயின்றுகொண்டிருந்த 1914 மே திங்களில் பண்டிதர் சென்னையில் மறைந்தார். பேராசிரியர் லட்சுமி நரசு எழுதிய பௌத்த சாரம் என்னும் ஆங்கில நூலின் மூன்றாம் பதிப்புக்கு 1948 இல் அண்ணலே முன்னுரை வழங்கினார். வடக்கும் தெற்கும் வெவ்வேறு வழியில் நடந்து ஒரே போதியின் அடியில் சேர்ந்தன.

அந்த 1948 ஆம் ஆண்டிலேயே, ஏப்ரல் 15 ஆம் நாள், பிராமணக் குலத்திற் பிறந்த மருத்துவர் சாரதா கபீர் அம்மையாரை அவர் மணந்தார். எழுத்தில் கண்டதை இல்லத்திலும் செய்து காட்டினார்.

1952 ஜூன் 5 ஆம் நாள் கொலம்பியா அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. அவர் பெரிதும் போற்றிய ஆசிரியர் ஜான் டூயி நான்கு நாட்களுக்கு முன்னரே மறைந்துவிட்டார். 1956 அக்டோபர் 14 இல் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் தம்ம தீட்சை ஏற்றார். டிசம்பர் 6 இல் பரிநிர்வாணம் எய்தினார்.

நமக்குரிய பாடம்

அன்பர்களே! நியூயார்க்கில் ஓர் ஆய்வு வகுப்பில் படித்த கட்டுரைக்கும் நாகபுரியின் தீட்சை பூமிக்கும் இடையே 40 ஆண்டுகள். அகமணத்தைப் புனிதமாக்கிய நம்பிக்கையை வேரோடு களைய வேண்டும் என்று கண்டவர், வேறொரு நம்பிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு பற்றவில்லை. ஆராய்ந்து பார் என்று காலாமருக்குப் போதித்தவரின் தம்மத்தைத் தெரிந்தெடுத்தார். அவர் தந்த தீட்சையை ஏற்றுக்கொண்ட நாம், அவர் கண்ட காரணத்தை மறந்தால், மருந்துச் சீட்டைப் பூசையில் வைத்து மருந்தை உண்ணாதவர் ஆவோம்.

பிறரை மட்டும் குறை கூற யாம் இதனை எழுதவில்லை. எம் மூத்த மகனுக்கு மணம் பேசிய நாளில், பெண்வீட்டார் பௌத்தர் என்று அறிந்த பின்னும், அவர்கள் எந்த ஊர், எந்தப் பிரிவு என்று முதலில் விசாரித்தவர் யாமே. நம் பக்கத்தவர் அல்லர் என்று அறிந்ததும், வேறு காரணம் சொல்லித் தட்டிக் கழித்தோம். மேடையில் பஞ்சசீலம் ஓதிய வாய் அது. அப்பெண் செய்த குற்றம் என்ன? பரோடாவில் மனைவியைக் கேட்க வேண்டும் என்றவருக்கும் எமக்கும் வேறுபாடு என்ன? அம்மகள் வினவிய நாளில் எமக்கு விடை எழாமற் போனதன் காரணம் அறியாமையன்று, இக்குற்றமே. அதனை இவ்வேட்டில் ஒப்புக்கொள்வதே யாம் செய்யக்கூடிய முதல் பரிகாரம்.

இரண்டாவது பரிகாரமும் உண்டு. வரும் பொதுக்குழுவில், வரன் பதிவேட்டில் பழைய பிரிவைக் கேட்கும் பத்தியை அடியோடு நீக்க வேண்டும் என்னும் தீர்மானத்தை யாமே முன்மொழிய இருக்கிறோம். எதிர்ப்பு வரும் என்பதை அறிவோம். பெரியோர் சிலர் மனம் வருந்துவர். ஊர் வழக்கம் என்பர். பெண்ணுக்குப் பாதுகாப்பு என்பர். உடன்கட்டைக்கும் கைம்மைக்கும் அந்நாளில் அவ்வாறே காரணம் சொன்னார்கள் என்பதை அவர்களுக்கு அன்போடு நினைவூட்டுவோம்.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு சொல். கல்லூரியில் சமூகவியலும் மானிடவியலும் பயில விரும்பும் பிள்ளையிடம், அதனால் என்ன வேலை கிடைக்கும் என்று மட்டும் கேட்டு மறித்து விடாதீர்கள். உழைத்துண்ணும் குடும்பத்துக்கு அக்கேள்வி வேண்டியதே. அண்ணலும் பொருளாதாரத்தை முதன்மையாகக் கொண்டே பட்டம் பெற்றார். ஆனால், நம்மை ஆயிரமாண்டு நசுக்கிய பொறி எவ்வாறு ஓடுகிறது என்று அறிந்தவர் நம் வீட்டில் ஒருவரேனும் இருக்க வேண்டாமா? அறிந்த பிள்ளை நம்மையே கேள்வி கேட்கும். கேட்கட்டும். அக்கேள்விக்குச் செவி சாய்ப்பதே பாபாசாகேப்புக்கு நாம் செய்யும் வணக்கம்.

சாது! சாது! சாது!